பல்லுக்கு 3டி ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் எடுக்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்தாடையில் வலதுபக்க முதல் கடைவாய்ப்பல்லில் இரண்டு வருடத்துக்கு முன் ரூட் கேனால் செய்து கேப் போட்டிருக்கிறார்கள். இப்போது கடித்தால் வலி, கூடவே அந்தப் பக்கம் மட்டும் மூக்கடைப்பு. புதிதாகப் பார்த்த டாக்டர் சிபிசிடி என்ற 3டி ஸ்கேன் எடுத்துவரச் சொல்கிறார். கையில் ஓபிஜி (இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே) இருக்கிறதே, அதில் தெரியாதது இதில் என்ன தெரியப்போகிறது, கதிர்வீச்சு வேறு அதிகமாமே என்பது முதல் சந்தேகம். இரண்டாவது, 11 வயது மகளுக்குக் கம்பி போடப்போன இடத்தில் முகம் முழுக்க 3டி எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா என்பது.

உங்கள் பல்லுக்கு எடுங்கள், அந்தப் பல்லைச் சுற்றி மட்டும், சின்ன அளவில். மகளுக்கு, எதைப் பார்ப்பதற்காக என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இனி காரணம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மற்ற பல் டாக்டர்கள் அனுப்பும் ஸ்கேன்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் பிழைப்பு. ஸ்கேன் எடுங்கள் என்று நான் சொன்னால் அதில் எனக்கும் வரும்படி உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

சாதாரணப் பல் எக்ஸ்ரே ஒரு நிழல். விளக்குக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரலை ஒன்றின் பின் ஒன்றாக நீட்டினால் சுவரில் ஒரே விரல்தான் தெரியும். பல் எக்ஸ்ரேயிலும் அதுதான் நடக்கிறது. கன்னத்துப் பக்கமிருந்து கதிர் உள்ளே போகிறது. அதன் பாதையில் முன்னும் பின்னுமாக இருக்கிற எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. கீழ்ப்பல்லுக்கு இது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மேல் கடைவாய்ப்பல்லுக்குத் தொல்லைதான். அதற்கு மூன்று வேர்கள், கன்னத்துப் பக்கம் இரண்டு, அண்ணத்துப் பக்கம் ஒன்று. வேர்களுக்கு மேலேயே, மூக்கை ஒட்டிய காற்றறையான சைனஸின் தரை. பக்கவாட்டில் கன்ன எலும்பின் அடிப்பகுதி வேறு நிழலைப் போட்டு மறைக்கும்.

ஓபிஜி இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. எக்ஸ்ரே குழாய் முகத்தைச் சுற்றி வந்து, குதிரை லாட வடிவில் ஒரு பட்டையை மட்டும் கூர்மையாகக் காட்டி, மற்றதை மங்கலாக்கிவிடும். பின்லாந்தின் யூர்யோ பாட்டெரோ இந்த முறையை வளர்த்தெடுத்தார். பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. இரண்டு தாடையையும் ஒரே பார்வையில் காட்டுவதில் இன்றைக்கும் அதற்கு ஈடு இல்லை. ஆனால் உருவம் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் பெரிதாகத் தெரியும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. ஒரு வேருக்குள் இருக்கும் நுணுக்கத்தை அதில் தேடக் கூடாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1961இல் பெண்டர், செல்ட்சர் என்ற இருவர் இறந்தவர்களின் தாடை எலும்பில் தாங்களே குழி தோண்டி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே பஞ்சுபோல இருக்கும் எலும்பில் மட்டும் குழி இருந்தவரை படத்தில் அது பெரும்பாலும் தெரியவில்லை. வெளிப்புறக் கெட்டி எலும்பைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. அதாவது வேர் நுனியில் சீழ் அரித்துக்கொண்டிருக்கும்போதே ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று வர முடியும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, வலி மட்டும் போகவில்லை என்று ஊர் ஊராக அலைகிறவர்களில் சிலருடைய கதை இதுதான்.

சரி, 3டி எப்படி இதைத் தாண்டுகிறது? சிபிசிடி இயந்திரத்தில் கதிர் கூம்பு வடிவில் வெளியே வருகிறது. எதிரே ஒரு தட்டையான உணர்பலகை. இரண்டும் உங்கள் தலையை ஒரு சுற்று, சில இயந்திரங்களில் அரைச் சுற்று, சுற்றும். நின்றபடியோ உட்கார்ந்தபடியோ அசையாமல் இருக்க வேண்டும். பத்திலிருந்து நாற்பது வினாடிக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் சில நூறு நிழல்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு கோணத்தில், பதிவாகின்றன. கம்ப்யூட்டர் அவற்றைக் கோத்து உருவத்தைக் கட்டுகிறது. மருத்துவமனை சிடி ஸ்கேனில் கதிர் விசிறிபோல மெலிதாக வரும், மேஜை நகர நகரக் குழாய் பலமுறை சுற்றும். இங்கே ஒரே சுற்று. குழாயில் ஓடும் மின்னோட்டமும் குறைவு, கதிரின் அளவு குறைவதற்கு அது முக்கியமான காரணம்.

நிழல்களை இப்படிக் கோக்கும் வேலைக்கான கணக்கு வந்த இடம் வேடிக்கையானது. 1984இல் ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் ஆகிய மூவர் அதை எழுதினார்கள். மூவரும் ஃபோர்டு கார் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தவர்கள். பொருட்களை உடைக்காமல் உள்ளே பார்ப்பதற்காகப் போட்ட கணக்கு பிறகு பல்லுக்கு வந்து சேர்ந்தது. 1990களின் கடைசியில் இத்தாலியின் வெரோனாவில் மொஸ்ஸோவும் அவரது சகாக்களும், ஜப்பானில் நிஹோன் பல்கலைக்கழகத்தின் யோஷினோரி அராயும் தனித்தனியாகப் பல்லுக்கென்றே இயந்திரம் செய்தார்கள். இத்தாலிய இயந்திரத்தைப் பற்றிய கட்டுரை 1998இல் வந்தது. அதன் பெயர் நியூடாம் 9000; நியூடாம் என்ற பெயரில் இன்றும் இயந்திரங்கள் விற்கிறார்கள்.

வருகிற உருவம் குட்டிக் குட்டிக் கனசதுரங்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0.075 மி.மீ. முதல் 0.4 மி.மீ. வரை. மூன்று பக்கமும் ஒரே அளவு என்பதால் எந்தத் திசையில் வெட்டிப் பார்த்தாலும் அளவு மாறாது. வேரின் நீளவாக்கில் வெட்டலாம், குறுக்கே வெட்டலாம், சாய்த்தும் வெட்டலாம். கலர் கலராகச் சுழலும் மண்டையோட்டை நோயாளிகளுக்குக் காட்டுவார்களே, அதை வைத்து நாங்கள் எதையும் முடிவு செய்வதில்லை. வேலை எல்லாம் சாம்பல் நிறத் துண்டுகளில்தான்.

இப்போது உங்கள் பல்லுக்கு வருவோம். மேல் முதல் கடைவாய்ப்பல்லில் மூன்று வேர் என்றேன், வேருக்குள் ஓடும் கால்வாய்கள் மூன்றோடு நிற்பதில்லை. கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கும் வேர் அகலத்தில் தட்டையானது. அதில் இரண்டாவதாக ஒரு கால்வாய், பெரும்பாலானவர்களுக்கு இருக்கும். எம்பி2 என்போம். முதல் கால்வாய்க்கு நேர் பின்னால், அண்ணத்தைப் பார்த்து இருப்பதால் சாதாரண எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்றாகவே தெரியும். திறந்து பார்க்கும்போதும் அதன் வாய் ஒரு சின்னப் படிக்குக் கீழே ஒளிந்திருக்கும். மைக்ராஸ்கோப் இல்லாமல் கண்டுபிடிப்பது கஷ்டம். முன்பு செய்தவர் மோசமான டாக்டர் என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். இந்தக் கால்வாய் நல்ல கைகளையும் ஏமாற்றும்.

விடுபட்ட கால்வாயில் மிச்சம் இருக்கும் கிருமி மெதுவாக வேலை செய்து ஒன்றிரண்டு வருடம் கழித்து வலியாக வரும். ஸ்கேனில் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வேரின் நடுவில் இருக்க வேண்டிய வெள்ளை நிரப்புப் பொருள் ஒரு ஓரமாகத் தள்ளி நிற்கும். எதிர் ஓரத்தில் கறுப்பாக ஒரு புள்ளி இருக்கும். அந்த வேரின் நுனியில் எலும்பு கரைந்திருந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு என்று சொன்னீர்களே, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேர் நுனிச் சீழ் சைனஸ் தரையைத் தொட்டால் அந்த அறையின் உள்தோல் தடித்துவிடும். இரண்டு பக்கமும் அடைத்தால் சளி, அலர்ஜி என்று நினைக்கலாம். ஒரே பக்கம் நீடித்து அடைத்தால் பல்லையும் சந்தேகப்பட வேண்டும். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் பல்லில் வந்து முடிந்த நோயாளிகளை நான் பார்த்ததுண்டு.

இந்தப் பல்லில் ஸ்கேன் எடுக்கச் சொல்வதற்கு நியாயம் இருக்கிறது என்பது இதனால்தான். வருகிற பதிலைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். கால்வாய் விடுபட்டிருந்தால் ரூட் கேனாலைப் பிரித்து மறுபடி செய்யலாம். கால்வாய்கள் எல்லாம் ஒழுங்காக நிரம்பியும் நுனியில் புண் இருந்தால் நுனியை மட்டும் வெட்டும் அறுவை சிகிச்சையை யோசிக்கலாம். வேர் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தால் அந்தப் பல்லைப் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான். மூன்றும் மூன்று திசை, மூன்றுக்கும் செலவு வேறு. அமெரிக்காவின் ரூட் கேனால் நிபுணர் சங்கமும் வாய்க் கதிரியக்க நிபுணர் சங்கமும் 2015இல் கூட்டாக வெளியிட்ட நிலைப்பாட்டிலும் இதுபோன்ற மறுசிகிச்சைக்குச் சின்ன அளவு சிபிசிடியைத்தான் பரிந்துரைக்கிறார்கள்.

ஆனால் வேர் விரிசல் விஷயத்தில் ஸ்கேனை முழுசாக நம்பாதீர்கள். ரூட் கேனால் நிரப்புப் பொருளும், பல்லுக்குள் இறக்கிய உலோகக் குச்சியும் தங்களைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகளை இழுத்துவிடும். அந்தக் கோடு விரிசல்போலவே இருக்கும். நிஜ விரிசலோ கனசதுரத்தின் அளவைவிட மெலிதாக இருந்து தெரியாமல் போய்விடும். விரிசல் கோட்டை நேராகத் தேடுவதைவிட, வேரின் ஒரு பக்கமாக எலும்பு நீளவாக்கில் கரைந்திருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமானது. ‘விரிசல் உறுதி’ என்று ரிப்போர்ட்டில் ஒரே வரியில் எழுதியிருந்தால் எதை வைத்து என்று கேளுங்கள். உங்கள் கேப் உலோகமாக இருந்தாலும் கவலை வேண்டாம். அது இழுக்கும் கோடுகள் கேப்பின் மட்டத்திலேயே பக்கவாட்டில் ஓடும், வேர் அதற்கு மேலே இருக்கிறது.

கதிர்வீச்சுக்கு வருகிறேன். எண்ணைச் சொல்லாமல் ‘ரொம்பக் கம்மி’ என்பதும் ‘ஆபத்து’ என்பதும் ஒரே மாதிரி வெற்றுப் பேச்சு. இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் ஒருவர் வாங்கிக்கொள்ளும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் (ஒரு மில்லிசீவர்ட் என்பது ஆயிரம் மைக்ரோசீவர்ட்). ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் ஆறரை மைக்ரோசீவர்ட். சின்னப் பல் எக்ஸ்ரே ஒன்று சில மைக்ரோசீவர்ட், அதாவது ஒரு நாளை ஒட்டி. ஓபிஜி சுமார் 20, மூன்று நாள். சிபிசிடிக்கு, பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கணக்குப்படி பெரியவர்களுக்குச் சராசரி: சின்ன அளவுக்கு 84, நடுத்தர அளவுக்கு 177, முகம் முழுக்க எடுத்தால் 212 மைக்ரோசீவர்ட். சின்ன அளவு இரண்டு வாரத்துக்குள், முழு முகம் ஒரு மாதத்தை ஒட்டி. தலைக்கு எடுக்கும் மருத்துவமனை சிடி சுமார் 2 மில்லிசீவர்ட், பத்து மாதம். இவை சராசரிதான், இயந்திரத்துக்கு இயந்திரம், செட்டிங்குக்கு செட்டிங் பல மடங்கு மாறும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கதிரியக்கத் தாது இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சே மற்ற ஊர்களைவிட அதிகம் என்பதையும் நினைவில் வைத்தால் இந்த எண்களின் அளவு புரியும்.

பயப்பட வேண்டிய அளவு இல்லை. அதற்காக இலவசமாகக் கிடைக்கிறதென்று எடுத்துக்கொள்ளும் பொருளும் இல்லை. ஆரம்ப காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். ரண்ட்கன் எக்ஸ்ரேயை அறிவித்த சில நாட்களில், 1896 ஜனவரியில், ஜெர்மனியின் ஓட்டோ வால்கோஃப் தன் பல்லையே படம் எடுத்தார். 25 நிமிடம் கதிரில் இருந்தார். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸின் எட்மண்ட் கெல்ஸ் குழாயைச் சரிபார்க்கத் தன் கையையே கதிரில் நீட்டி நீட்டிப் பார்த்தவர்; பிற்பாடு புற்றுநோய் வந்து விரல்கள், கை என்று ஒவ்வொன்றாக இழந்தார். இன்றைய அளவு அதோடு ஒப்பிடக்கூடியதே அல்ல. ஆனாலும் தேவை இருந்தால் மட்டும், தேவைப்படும் அளவுக்கு மட்டும் என்ற விதி பிறந்தது அந்த அனுபவத்திலிருந்துதான்.

உங்கள் பல்லுக்கு 5 செ.மீ. உயரம், 5 செ.மீ. அகலம் போதும். சில சென்டர்களில் சின்ன அளவு வசதி இயந்திரத்திலேயே இருக்காது, அல்லது ‘அதே ரேட்டுக்கு முழுசா எடுத்துடலாம்’ என்பார்கள். காசுக்கு லாபம்போலத் தோன்றும். நஷ்டம்தான். கதிர் கூடும், கனசதுரம் பெரிதாகும், எம்பி2 மாதிரியான நுணுக்கம் மங்கிப்போகும். ஆர்டர் சீட்டில் பல் எண்ணும், ‘சின்ன அளவு’ என்பதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஈய ஏப்ரன் தரவில்லை என்று சண்டை போட வேண்டாம். அமெரிக்கப் பல் மருத்துவ சங்கமே 2024இல் பல் எக்ஸ்ரேக்கு ஏப்ரனும் கழுத்துப் பட்டையும் இனி தேவையில்லை என்று பரிந்துரைத்துவிட்டது. கதிரைத் தேவையான இடத்தோடு நிறுத்துவதுதான் பாதுகாப்பு. கழுத்துப் பட்டை கதிர்ப் பாதையில் குறுக்கே வந்து படம் கெட்டுப்போனால் மறுபடி எடுக்க வேண்டிவரும், அதுதான் வீண். கர்ப்பமாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவசரமா இல்லையா என்று டாக்டர் முடிவு செய்வார்.

மகள் விஷயம். பதினொரு வயதில் செல்கள் வேகமாகப் பிரிகின்றன, முன்னால் வாழ்நாளும் நீளம். அதே அளவு கதிருக்குப் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு ஆபத்துக் கணக்கு அதிகம். கம்பி போடுவதற்கு வழக்கமாக ஓபிஜியும், பக்கவாட்டு முக எக்ஸ்ரேயும், பல் அச்சும் போட்டோக்களும் போதும். கம்பி போட வரும் எல்லாக் குழந்தைக்கும் 3டி என்று ஒரு கிளினிக் வழக்கமாக வைத்திருந்தால் எனக்கு அது ஏற்புடையதல்ல. 2010இல் நியூயார்க் டைம்ஸ் இதைப் பற்றியே விரிவாக எழுதி அமெரிக்காவில் பெரிய விவாதமானது. ஐரோப்பிய ஆணையம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கம்பிச் சிகிச்சைக்கு வழக்கமாகப் பெரிய அளவு சிபிசிடி எடுப்பதை ஏற்கவில்லை.

விதிவிலக்கு உண்டு. மேல் கோரைப்பல் வர வேண்டிய வயதில் வராமல் எலும்புக்குள் சாய்ந்து கிடக்கலாம். அது அண்ணத்துப் பக்கமா, உதட்டுப் பக்கமா என்று தெரிந்தால்தான் எந்தப் பக்கம் திறந்து இழுப்பது என்று முடிவு செய்ய முடியும். அதைவிட முக்கியம், பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை அது முட்டிக் கரைத்துக்கொண்டிருக்கிறதா என்பது. இந்த அரிப்பை ஓபிஜி பல நேரம் காட்டாது. கரைந்த பிறகு வேர் திரும்ப வளரவும் செய்யாது. மகளுக்கு அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் முன்பல் பகுதிக்கு மட்டும், குறைந்த டோஸ் செட்டிங்கில் எடுக்கலாம். உதடு, அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைகளுக்கும் அப்படியே. காரணம் ‘எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துக்கலாம்’ என்பதாக இருந்தால் வேண்டாம்.

ஞானப்பல்லைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கீழ் ஞானப்பல்லின் வேர் தாடைக்குள் ஓடும் நரம்பை ஒட்டியிருந்தால், பிடுங்கும்போது உதடும் தாடையும் மரத்துப்போகும் ஆபத்து உண்டு. ஓபிஜியில் வேர் நரம்புக் குழாயைக் கடக்கும் இடத்தில் கறுத்திருந்தாலோ, குழாயின் வெள்ளைக் கோடு அறுந்திருந்தாலோ 3டி எடுப்பது வழக்கம். எந்தப் பக்கம் நரம்பு ஓடுகிறது என்று தெரிவது அறுவை செய்பவருக்குத் தெம்புதான். ஆனால் ஓபிஜி மட்டும் பார்த்துப் பிடுங்கியவர்களையும் சிபிசிடி பார்த்துப் பிடுங்கியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நரம்புக் காயம் கணிசமாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. நன்றாகப் பார்ப்பதும் நன்றாக முடிவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கை வேர், அதன் கதை வேறு, அங்கே நான் தயங்காமல் எடுக்கச் சொல்வேன். கீழ்த்தாடையின் நாக்குப் பக்கம் உள்ளே குழிந்திருக்கும். ஓபிஜியில் உயரம் தாராளமாகத் தெரிந்தாலும் அகலம் தெரியாது. துளையிடும் கருவி அந்தப் பக்கம் எலும்பைத் தாண்டிவிட்டால் நாக்குக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாய் கிழியும். ரத்தம் கட்டி நாக்கை மேலே தள்ளி மூச்சையே அடைத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஒன்று மட்டும்: சாஃப்ட்வேர் காட்டும் எலும்பு அடர்த்தி எண்ணை நம்பி ‘எலும்பு வீக்’ என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். மருத்துவமனை சிடியின் எண்ணுக்கு இருக்கும் நம்பகம் சிபிசிடி எண்ணுக்கு இல்லை. கதிர் சிதறுவதால் ஒரே எலும்பு இடத்துக்கு இடம் வேறு எண் காட்டும்.

தசை, ஈறு, தாடை மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு இவை எதுவும் இதில் சரியாகத் தெரியாது. மூட்டுத் தட்டுக்கு எம்ஆர்ஐதான். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களுக்குக் கன்னத்தில் ஆறாத புண் இருந்தால் கண்ணால் பார்த்துச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். ‘3டி ஸ்கேன் நார்மல்’ என்று திருப்பி அனுப்பினால் அதை ஏற்காதீர்கள்.

கடைசியாக, எடுக்கப்போகும் இடத்தில் கேட்க வேண்டியவை. இந்தியாவில் எக்ஸ்ரே இயந்திரங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியோடுதான் இயங்க வேண்டும். அனுமதி இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை. எடுக்கும்போது எச்சில் விழுங்காமல், தாடையை அசைக்காமல் இருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் விளிம்புகள் இரட்டையாக வந்து எல்லாம் வீணாகிவிடும். தோடு, மூக்குத்தி, கழற்றும் பல்செட் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். யார் ரிப்போர்ட் எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். பல சென்டர்களில் நாலு பிரிண்ட் எடுத்துக் கவரில் போட்டுத் தருவதோடு சரி. பதிவான பகுதி முழுவதையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கேட்ட பல்லுக்கு நாலு பல் தள்ளி ஒரு கட்டி இருந்து, அதை யாரும் பார்க்காமலே போன ஸ்கேன்கள் உண்டு.

பிரிண்டோடு திரும்பாதீர்கள். ஸ்கேனின் முழு டிஜிட்டல் பதிவை, டைகாம் ஃபைல் என்று கேட்டு, குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ வாங்கிக்கொள்ளுங்கள். சில சென்டர்கள் ‘அது டாக்டருக்கு மட்டும்’ என்பார்கள். காசு கொடுத்தது நீங்கள், விடாதீர்கள். நாளைக்கு வேறு டாக்டரிடம் போனாலும் அவர் தன் கம்ப்யூட்டரில் தனக்கு வேண்டிய கோணத்தில் வெட்டிப் பார்த்துக்கொள்வார், மறுபடி எடுக்கச் சொல்ல மாட்டார். ரூட் கேனாலை மறுபடி செய்தால் ஒரு வருடம் கழித்து எலும்பு ஆறியிருக்கிறதா என்று ஒப்பிடவும் அந்த ஃபைல் உதவும். அந்த ஒப்பீட்டுக்குப் பெரும்பாலும் சின்ன எக்ஸ்ரேயே போதும். வலி இல்லாமல் இருந்தால் இன்னொரு 3டிக்கு ஒத்துக்கொள்ளும் முன் எதற்கு என்று கேளுங்கள்.